முப்பத்தாறு தனியாகப் படிக்கமாட்டான்

லாரி யார்டில் யாருக்கும் பெயர் கிடையாது. வண்டி நம்பரின் கடைசி இரண்டு எண்தான் பெயர். அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலை ஒன்றுக்கு லோடு ஏற்ற வருகிற டிரைவர்களில் நான் பதினொன்று. அவன் முப்பத்தாறு. மூன்று வருஷம் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், அவனுடைய அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தோன்றவில்லை. இப்போது யாரிடமாவது விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். முப்பத்தாறு என்று சொன்னால்தான் எனக்கு அவன் முகம் வருகிறது.

என்னைவிட எட்டு வயது சின்னவன். பெரம்பலூருக்குக் கிழக்கே ஏதோ ஒரு ஊர். ஒல்லியான உடம்பு, பெரிய காது. அவன் வண்டி ஓட்டுகிற லட்சணத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கிளட்சைத் தேய்த்துத் தேய்த்தே ஓட்டுவான். ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் நிற்கிறவன் ஓடிவிடுவான். சமையலும் அப்படித்தான், அவன் வைக்கிற சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். ஆனால் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் மட்டும் இரண்டு கையையும் லுங்கியில் நன்றாகத் துடைத்துக்கொள்வான்.

காலையில் கேட்டில் டோக்கன் வாங்கி வண்டியை வரிசையில் போட்டுவிட்டால், மைக்கில் நம்பர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சில நாள் மூன்று மணி நேரம், சில நாள் பொழுதே சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்வோம்? சீட்டு, சமையல், போன், தூக்கம். இந்த நான்கும் அலுத்துப்போனால் சண்டை. ஒருத்தன் வண்டியை நாலடி முன்னால் நகர்த்திவிட்டான் என்பதற்காக ஜாக்கி ராடைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். கோபக்காரன் என்று எனக்குப் பெயர் உண்டு, அது பொய்யும் இல்லை.

அப்படிப்பட்ட இடத்தில்தான் அவன் ஒரு நாள் தார்ப்பாயை நிழல் பக்கம் விரித்து, அட்டையில்லாத ஒரு புத்தகத்தை எடுத்து, பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆளிடம் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். அந்த ஆள் படிக்கச் சொன்னானா, காதில் வாங்குகிறானா என்றெல்லாம் அவன் கவலைப்படவில்லை. வெங்காயம் உரித்து முடிந்தது, ஆள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் நாலு பேர். ஒரு மாதத்தில் தார்ப்பாய் போதவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. அங்கே போய் அட்டை கிழிந்த கதைப் புத்தகமாகப் பார்த்துப் பொறுக்குவான். நல்ல புத்தகமாக ஒன்று எடுத்தால் என்ன என்று கேட்டேன். அட்டை இருந்தா பேரு தெரிஞ்சிடும், பேரு தெரிஞ்சா ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் வந்துடும், அப்புறம் எவன் கதையைக் கேப்பான் என்றான். அவனுக்குப் புத்தகம் எழுதியவர் யாரென்று தெரியாது, தலைப்பும் தெரியாது. 'பெட்ரோல் ஊத்திக் கொளுத்துன கதை', 'ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதை' என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

அவனிடம் ஒரு விநோதமான பழக்கம் இருந்தது. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி வைக்கமாட்டான். எதிரே இருப்பவன் பக்கம் பார்க்க வைத்துவிட்டு, தான் தலைகீழாகப் படிப்பான். தடுமாற்றமே இருக்காது. முதலில் வித்தை காட்டுகிறான் என்றுதான் நினைத்து எரிச்சல்பட்டேன். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். சின்ன வயதில் அவன் சித்தப்பா மகள்கள் மூன்று பேர் வாரப் பத்திரிகை ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து சேர்ந்து படிப்பார்களாம். இவனுக்குப் பக்கத்தில் இடம் தரமாட்டார்கள். எதிரே குந்திக்கொண்டு பார்த்ததில் எழுத்தெல்லாம் தலைகீழாகவே பழகிவிட்டது. அதனால் எதிரே ஆள் இல்லாவிட்டால் அவனுக்குப் படிப்பே ஓடாது.

இதை நான் நம்பவில்லை. ஒரு முறை தொழுதூர்ப் பக்கம் அவன் வண்டி ஆக்ஸில் உடைந்து இரண்டு நாள் ரோட்டோரம் கிடந்தான். வழியில் பார்த்து இறங்கினேன். டேஷ்போர்டில் புத்தகம் கிடக்கிறது, இவன் டயரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பொழுது போகலேன்னா எடுத்துப் படிக்க வேண்டியதுதானே என்றேன்.

"யாருகிட்டண்ணே படிக்க?" என்றான்.

கிறுக்கன் என்று திட்டிவிட்டு, பாதி நாள் அவனோடு உட்கார்ந்து கேட்டேன். என் வண்டியின் ஓனர் போனில் கிழித்துவிட்டார்.

தார்ப்பாயில் அவன் ஒரு பக்கம் படிப்பான், அடுத்த பக்கம் அடுத்த ஆள். இப்படியே சுற்றி வரும். வரிசையில் மூத்தவர் தொண்ணூறு. நாற்பது வருஷ டிரைவர், காஷ்மீர் வரை போனவர், எழுத்து மட்டும் தகராறு. ஊர்ப் பலகையையே உருவத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பாராம். அவர் முறை வந்தால் எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆக்குவார். புதிதாக வந்த ஒருத்தன் சிரித்துவிட்டான். முப்பத்தாறு கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நீ வண்டி பழகுனப்ப ரோட்டுல போறவன் சிரிச்சான்ல, எப்புடி இருந்துச்சு என்று அந்தப் பையனிடம் கேட்டான். அதற்கப்புறம் தொண்ணூறு படிக்கும்போது நாங்கள் அத்தனை பேரும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்போம். வார்த்தை முழுதாக வந்து விழுந்ததும் யாராவது 'ஆங்' என்பார்கள்.

கதை ஏதாவது திருப்பத்தில் வந்து நின்றால் விரலை நடுவில் வைத்துப் புத்தகத்தை மூடிவிடுவான். ஆளாளுக்கு முகத்தைப் பார்த்து, "சொல்லுங்க, இப்ப இவன் என்ன பண்ணணும்?" என்பான். ஒவ்வொருத்தரும் ஒரு வார்த்தையாவது சொன்னால்தான் அடுத்த பக்கம். சொல்ல விருப்பமில்லை என்றால் 'பாஸ்' என்று சொல்லிவிடலாம், அதற்கு யாரையும் ஒன்றும் சொல்லமாட்டான். என் வாய் பேசாத வாயில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு மட்டும் நான் எப்போதும் பாஸ்தான்.

ஒரு முறை கதையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மருத்துவச்சி, இந்தப் பக்கம் இவள். அந்த நேரம் பார்த்து மைக்கில் தொண்ணூறின் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவர் காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து இன்னொரு நம்பர், அந்த ஆளும் அசையவில்லை. மூன்றாவது என்னுடையது. நானும் வாயைத் திறக்கவில்லை. குழந்தை பிறந்து, பெண் குழந்தை என்று தெரிந்துகொண்டு நிமிர்ந்தால் மூன்று பேர் டோக்கனும் தள்ளுபடி, வரிசையின் கடைசிக்குப் போய்விட்டோம். லோடிங் பெல்ட் ரிப்பேர் என்று மூன்று பேரும் தனித்தனியாக ஓனர்களுக்குச் சொன்னோம். ஓனர்கள் மூன்று பேரும் ஒரே டீக்கடையில் உட்கார்கிற ஆட்கள் என்பதை யோசிக்கவில்லை. உலகத்தில் எவனாவது கதையில் பிறந்த பிள்ளைக்காக டோக்கனை விடுவானா? நாங்கள் விட்டோம்.

பாதியில் டோக்கன் வந்து போகிறவர்களுக்குக் கதை விட்டுப்போகும். திரும்பி வந்ததும் மற்றவர்கள் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சொல்லும்போதுதான் வேடிக்கை. ஒரே பக்கத்தைக் கேட்ட ஆறு பேர் ஆறு கதை சொல்வார்கள். மாமியார் மேல் தப்பு என்பான் ஒருத்தன், மருமகள்தான் ராங்கி என்பான் இன்னொருத்தன். இதில் அவனவன் வீட்டு விவகாரம் தானாக வெளியே வந்துவிடும். யாருக்கு மகன் பேசுவதில்லை, யாருக்கு மனைவி அம்மா வீட்டில் இருக்கிறாள் என்பதெல்லாம் எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. நேராகக் கேட்டிருந்தால் ஒருத்தனும் சொல்லியிருக்கமாட்டான். ஜாக்கி ராடை நான் அதற்கப்புறம் டயர் மாற்ற மட்டும்தான் எடுத்தேன்.

இனி என் விவகாரத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவனைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதினதாக ஆகும்.

முப்பத்தாறைச் சந்திப்பதற்கு முந்தின வருஷம், உடையார்பாளையம் தாண்டி ஒரு பகல் வேளையில், முந்திரித் தோப்புக்குள்ளிருந்து ரோட்டுக்கு ஏறிய ஒரு மொபெட்டை என் வண்டி இடது பக்கமாக அடித்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கூட்டம் கூடும், அடித்தே கொன்றுவிடுவார்கள், நேராக ஸ்டேஷனுக்குப் போய்விடு என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். அப்படியே போய் ஸ்டேஷனில் நின்றேன். கேஸ் நடந்தது, முடிந்தது, லைசென்ஸ் திரும்பி வந்தது. அந்த ஆளுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது என்று கோர்ட்டில் தெரிந்தது. நீ செஞ்சது சரிதான் என்று எல்லா டிரைவரும் சொன்னார்கள்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அடித்த பிறகு இடது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். மண்ணில் கிடந்த ஆள் கையைத் தூக்கினான். உயிரோடு இருக்கிறான், கூப்பிடுகிறான் என்று தெரிந்துதான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். போலீசிடம் சொல்லவில்லை, என் மனைவியிடமும் சொல்லவில்லை. அதிலிருந்து இடது கண்ணாடியைப் பார்க்கவே என் கண் மறுத்தது. பதினாறு டன்னை ஏற்றிக்கொண்டு இடது பக்கம் பார்க்காமல் ஓட்டுகிறவன் இன்னொருத்தனைக் கொல்லாமல் இருக்கமாட்டான். இது எனக்கே தெரியும். வேறு தொழிலும் தெரியாது. ஸ்டியரிங்கை விட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு தினமும் வண்டியை எடுத்தேன்.

இந்த நிலையில்தான் 'பரிசல்காரன் கதை' வந்தது. ஆற்றில் வெள்ளம். பரிசல்காரன் ஒருத்தன் தெரியாத ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறான். பரிசல் கவிழ்கிறது. இவன் நீந்திக் கரையேறிவிடுகிறான், அந்த ஆள் கூப்பிடுவது கேட்கிறது, இவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் வந்து இன்று நான் பரிசலே எடுக்கவில்லை என்று சொல்லிவிடுகிறான். செத்தவனின் அம்மா தினமும் கரைக்கு வந்து, என் பிள்ளையைப் பார்த்தியா என்று இவனிடமே கேட்கிறாள். அந்த இடத்தில் முப்பத்தாறு புத்தகத்தை மூடி வழக்கமான கேள்வியைக் கேட்டான். பாஸ் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போய் வண்டிக்குள் படுத்துக்கொண்டேன்.

அன்று அவன் சமைக்கப் போன நேரத்தில் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து அந்தப் புத்தகத்தைத் திருடினேன். ஆமாம், திருட்டுதான். பரிசல்காரன் கடைசியில் சொல்லிவிடுகிறானா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். பரிசல்காரன் துடுப்பைக் கீழே போடுகிறான். அந்த அம்மாவுக்கு எதிரே போய் நிற்கிறான். வாயைத் திறக்கிறான். அதற்கு மேல் பக்கம் இல்லை. கிழிந்து போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைச் சுவரில் அடித்தேன்.

திங்கட்கிழமை கொண்டுபோய் அவன் கையிலேயே கொடுத்தேன். திருடியதைச் சொன்னேன், கடைசிப் பக்கம் இல்லை என்பதையும் சொன்னேன். அவன் திருட்டைப் பற்றியும் பக்கத்தைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை.

"தனியாவா பாத்தீங்க?" என்றான்.

"ம்."

"எப்புடிண்ணே இருந்துச்சு?"

"நல்லால்ல."

"நல்லாருக்காது" என்றான். மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம், அவர்களும் அதுவரைக்கும் வரட்டும் என்று கேட்டுக்கொண்டான்.

இரண்டு நாளில் கதை அந்த இடத்துக்கு வந்தது. ஒன்பது பேர் இருந்தோம். பக்கம் இல்லை என்றதும் ஒரே கூச்சல். பேப்பர் கடைக்காரனைத் திட்டினார்கள். முப்பத்தாறு அமைதியாக, சரி, நம்மதான் முடிக்கணும், இப்ப இவன் என்ன பண்ணணும் என்றான். முதலில் தொண்ணூறு. சொல்லக் கூடாது, சொன்னா செத்தவன் எந்திரிச்சு வரப்போறானா, அந்தம்மா மனசு இன்னும்தான் கெடும் என்றார். அடுத்தவன் சொல்லிவிட வேண்டும் என்றான். அதற்கடுத்தவன் ஊரைவிட்டே போய்விட வேண்டும் என்றான். என் முறை வந்தபோது முப்பத்தாறு என் முகத்தைப் பார்த்தான், பதினொண்ணு அண்ணன் பாஸ் என்று அவனே சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினான்.

"இல்ல, இரு" என்றேன். "அந்தாளு கையத் தூக்குனான். நான் கண்ணாடியில பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்."

"பரிசல்ல ஏதுண்ணே கண்ணாடி?" என்றான் ஒருத்தன்.

தொண்ணூறு அவன் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் முழுவதையும் சொன்னேன். முந்திரித் தோப்பு, மொபெட், கை, ஆக்சிலேட்டர், இப்போது இடது கண்ணாடி எல்லாவற்றையும். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், நாற்பத்தாறு வயதில் எட்டுப் பேர் முன்னால் மூக்கு ஒழுக அழுதேன். விடுங்கண்ணே, தொழில்னா அப்படித்தான் என்று எவனாவது சொல்லியிருந்தால் நான் மறுபடியும் மூடிக்கொண்டிருப்பேன். யாரும் சொல்லவில்லை. முப்பத்தாறு புத்தகத்தை ஓரமாக வைத்தான்.

"சொல்லுங்க, இப்ப இவரு என்ன பண்ணணும்?" என்றான்.

கதைக்குக் கேட்கிற அதே குரல்தான். அவர்களும் கதைக்குச் சொல்வதைப் போலவே நன்றாக யோசித்து, ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். போய்ப் பாக்கணும். போனா அடிப்பாங்க. அடிச்சா வாங்கிக்கணும். தொண்ணூறிடம் வந்தது. நீங்க சொல்லக் கூடாதுன்னீங்களே என்று ஒருத்தன் இழுத்தான். அது கதைக்குச் சொன்னேன், இது நம்ம ஆளு, போய்த்தான் ஆகணும் என்றார். கடைசியாக முப்பத்தாறு, தனியா போவ வேணாம், நான் வர்றேன் என்றான்.

என் கதை தெரிந்துதான் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டேவிட்டேன். அவனுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நான் எப்பண்ணே முன்னாடி படிச்சுப் பாத்திருக்கேன் என்றான். உண்மைதான். அவனுக்குப் புத்திமதி சொல்லத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நாலு பேரை உட்கார வைத்து அடுத்த பக்கத்தைத் திருப்புவது மட்டும்தான்.

அடுத்த வாரம் பஸ்ஸில் போனோம். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி வந்திருந்தான். உடையார்பாளையத்தில் இறங்கி, ஊரை விசாரித்து நடந்தோம். அந்த ஆள் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல். என் வயதுதான் இருக்கும். கோர்ட்டில் பார்த்த முகம் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அவர் மனைவி என்னைப் பார்த்தார், உள்ளே போனார், கதவுக்கு அந்தப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

நின்றுகொண்டே சொன்னேன். நான்தாங்க ஓட்டுனது, நீங்க கையத் தூக்குனதப் பாத்தேன், பாத்துட்டும் நிக்கல.

அவர் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்தியா நீ?" என்றார். "பாத்திருக்க மாட்டேன்னுதான் இத்தினி நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன். அதுல ஒரு ஆறுதல் இருந்துச்சு."

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். மன்னிப்பு கேட்கப் போய், அந்த மனிதரிடம் இருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிக்கொண்டேன். முப்பத்தாறு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கூட்டம் வந்திருந்தா ஒன்னைய அடிச்சிருப்பாங்கதான்" என்றார் அவர். "ஆனா கூட்டமே வரலய்யா. கா மணி நேரம் ஒருத்தன் வரல. காலு போனதுகூட பெருசா தெரியல. தனியா கெடந்தேன் பாரு, அது இன்னும் போவல. போயிட்டு இன்னொரு நாளு வா. இன்னிக்கு என்னால முடியல."

வெளியே வந்ததும் ஒரு வேலிப் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தாறும் உட்கார்ந்தான். இன்னொரு நாள் வான்னுட்டாரு அண்ணே, அதை விட்டுடாதீங்க என்று மட்டும் சொன்னான். அன்று அவன் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக் கொடுத்திருக்காவிட்டால் நான் மறுபடி அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கமாட்டேன்.

அதற்கு இரண்டு மாதத்தில் அவன் யார்டைவிட்டுப் போய்விட்டான். ஓனர் வண்டியை விற்றுவிட்டார். நாமக்கல் பக்கம் ஏதோ காலேஜ் பஸ் ஓட்டுகிறான் என்று கேள்வி. போன் நம்பரும் மாறிவிட்டது. பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளைச் சும்மா விட்டிருக்கமாட்டான் என்று நினைக்கிறேன். புத்தகங்களை எடுத்துக்கொண்டு போகவில்லை, தனியா வெச்சிக்கிட்டு என்ன பண்ண என்று தொண்ணூறிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இப்போது தார்ப்பாயைத் தொண்ணூறுதான் விரிக்கிறார். ஒரு பக்கத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்.

அவனுக்கு நான் நன்றி சொன்னதில்லை. டிரைவர்கள் அதெல்லாம் சொல்லிக்கொள்வதில்லை, ஹார்ன் அடித்துவிட்டுப் போவோம். சொல்லியிருக்க வேண்டும். இன்று நான் இரண்டு கண்ணாடியையும் பார்த்து வண்டி ஓட்டுகிறேன் என்றால் அவனால்தான். இதை அவன் படிக்க நேர்ந்தால், கட்டாயம் எதிரே யாரையாவது உட்கார வைத்துக்கொண்டுதான் படிப்பான். அந்த ஆளும் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்த வீட்டுக்கு நான் மறுபடி போனேன். வா என்றார், உட்கார் என்றார். அப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. பேசினால் அந்த ரோடுதான் வரும், அதைத் தவிர எங்களுக்குள் என்ன இருக்கிறது? மூன்றாவது முறை போகும்போது தொண்ணூறிடம் ஒரு புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, படிக்கட்டுங்களா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். படி என்றார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர். நடுவில் நிறுத்தி, இப்ப இவன் என்ன பண்ணணும் என்று கேட்டால் முதலில் தோளைக் குலுக்குவார். நாலைந்து மாதத்தில் என்னோடு சண்டை பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

அவர் மனைவி மட்டும் அந்த நாலைந்து மாதமும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வந்தால் உள்ளே போய்விடுவார், கொட்டை உடைக்கிற சத்தம் ஆரம்பிக்கும், நான் கிளம்பும்வரை நிற்காது. தண்ணீர்கூட அந்த வீட்டில் அவர் கையால் வந்ததில்லை. அதில் ஒரு தப்பும் இல்லை. மனுஷனை முழுசாக அனுப்பி, ஒரு காலோடு திரும்ப வாங்கியவர் அவர்.

போன மாதம் ஒரு நாள். கதை நல்ல இடத்தில் இருந்தது. வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த அண்ணனும் தங்கையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் எதிரெதிரே வந்து நிற்கிறார்கள். படிக்கிற முறை என்னுடையது. என்னை அறியாமல் குரல் தாழ்ந்துவிட்டது போலிருக்கிறது. உள்ளே சத்தம் நின்றது. நான் கவனிக்காமல் படித்துக்கொண்டே போனேன், எதிரே இருந்தவர்தான் கையைக் காட்டி என்னை நிறுத்தச் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் சத்தமாத்தான் படிங்களேன். இங்க ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."